நரைக்கு இரண்டு நியாயம்

கட்டிய கணவரின் தலை நரைத்ததைப் பார்த்து ஒரு பெண் வயிறெரிந்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளே முதலில் நம்பவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஒரு வாரம் மாத்திரை போட்டுக்கொண்டு திரிந்தாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. தொலைக்காட்சி நிலையத்தில் சேர்ந்து முப்பது வருடம்; அதில் இருபத்திரண்டு வருடம் ஏழு மணிச் செய்தி வாசித்தவள். வாசலில் வண்டிகளுக்குக் கம்பியைத் தூக்கிவிடுகிறவரில் தொடங்கி மேல்மாடி அதிகாரிகள் வரைக்கும் நிலையத்தில் எல்லாருக்கும் அவள் ‘ஏழுமணி அக்கா’. கணவருக்கு ஐம்பத்தெட்டு. அவரும் அதே நிலையம்தான். அவளுக்கு நாலு வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, விளையாட்டுச் செய்தி படித்து, அவளைக் கல்யாணம் செய்துகொண்டு, அப்புறம் ஒருநாள் அவள் பக்கத்து நாற்காலிக்கே வந்து சேர்ந்தார். பதினெட்டு வருடம் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஊருக்கு வணக்கம் சொன்னார்கள். வீட்டில் பேசாமல் இருக்கிற நாளில்கூட ஏழு மணிக்கு ஒருவரைப் பார்த்து ஒருவர் புன்னகைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே பல சண்டைகள் ஏழரைக்குள் முடிந்துபோயின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரே டப்பா தலைச்சாயத்தை ஒரே கிண்ணத்தில் கலக்கி, அவர் தலைக்கு அவளும் அவள் தலைக்கு அவரும் பூசிக்கொள்வார்கள். மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போன பிறகு அந்த வீட்டில் நடக்கிற பெரிய கூட்டு முயற்சி அதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் செய்திப் பிரிவுக்குப் புதிய தலைவர் வந்தார். நாற்பதைத் தொடாதவர். வந்த மூன்றாம் நாளே கணவன் மனைவி இருவரையும் சேர்த்து அறைக்குக் கூப்பிட்டார். சுவர் முழுக்கத் திரைகள். ஒன்றில் முந்தின நாள் செய்தி அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவள் வாய் பாதி திறந்திருந்தது. நிறுத்துவதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தலைவர் முதலில் அவரிடம்தான் பேசினார். “சார், நீங்க சாயம் போடறத நிறுத்திடுங்க. கொஞ்சம் நரை தெரியட்டும். இவர் சொன்னா சரியா இருக்கும்னு ஒரு நம்பிக்கை வரும்.”

பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, துக்கம் விசாரிப்பவர் மாதிரி சொன்னார். “மேடம், உங்களுக்கு வகிட்டுல வெள்ளை தெரியுது. இப்ப வந்திருக்கிற கேமரா எதையும் மறைக்காது. பாத்துக்குங்க.”

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடித் தடுப்பில் தன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேக்கப் அறையில் அவள் இதைச் சொன்னபோது, பதினைந்து வருடமாக அவள் முகத்துக்குப் பூசிவருகிற மேக்கப்காரம்மா கையை நிறுத்தாமலேயே, “அவருக்கு நரைச்சா அனுபவம், உங்களுக்கு நரைச்சா அலட்சியம்” என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்தச் சிரிப்பு வடிந்துவிட்டது.

அடுத்த மூன்று மாதத்தில் காரியங்கள் மளமளவென்று நடந்தன. முதலில் அவளை நேராகக் காட்டுகிற கேமராவைத் தள்ளி வைத்தார்கள். அப்புறம் அவள் படிக்கிற செய்திகள் ஒவ்வொன்றாகக் கழன்று அவர் பக்கம் போயின. தேர்தல் போயிற்று, நீதிமன்றம் போயிற்று. கடைசியில் வானிலையும் பூக்கண்காட்சியும் மிஞ்சின. பிறகு இரண்டு வாரம் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஓய்வு முடிந்து போனால் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுடைய குரல் நிலையத்தின் சொத்து என்றும், இனிமேல் ஆவணப் படங்களுக்குக் குரல் கொடுத்தால் போதும் என்றும், மேக்கப் தொல்லையெல்லாம் கிடையாது என்றும் சொன்னார். குரல் சொத்து என்றால் முகம் என்ன, கடனா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் எழுதிக் கொடுத்ததையே வாசித்த வாய்க்குச் சொந்த வாக்கியம் சட்டென்று வரவில்லை.

அன்று வீட்டில் கணவர் அவள் தோளைத் தட்டி, “விடு. நீயாவது நிம்மதியா இரு. எனக்குத்தான் இந்த வயசுலயும் தினம் ஓட வேண்டியிருக்கு” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு மிளகாய்த்தூள் மாதிரி கண்ணில் விழுந்தது.

புதிதாக வந்தவளுக்கு இருபத்தாறு வயது. நிலையத்தில் யாரோ வைத்த பெயர் ‘புதுப்பொண்ணு’. மேசையில் கணவருக்குப் பக்கத்தில் புதுப்பொண்ணு என்றால் கேட்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? தேநீர் இயந்திரத்துக்கு அருகே நின்று ஆளுக்கொரு பகடி பேசினார்கள். அவள் வந்தால் வாயை மூடிக்கொண்டு சர்க்கரை போதுமா என்று விசாரித்தார்கள். எல்லாருடைய கணக்கும் ஒன்றுதான்: அக்காவுக்குப் புருஷன் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை.

நாத்தனாருக்கும் அதே கணக்கு. ஒருநாள் போனில் கூப்பிட்டு, சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். “அண்ணி, நீங்க எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க. எங்க அண்ணன் அந்த மாதிரி ஆள் இல்ல.”

அண்ணன் எந்த மாதிரி ஆள் என்பது அவளுக்குத் தெரியாதா? பத்து மணிக்குக் குறட்டை விடுகிற ஆள். அதைப் பற்றியா அவள் கவலைப்பட்டாள்? புதுப்பொண்ணின் கழுத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டு. சுருக்கமே இல்லாத கழுத்து. இப்போதுதான் உறையைப் பிரித்தது மாதிரி இருந்தது. அந்தப் பொறாமை வந்து வந்து போயிற்று. போகாமல் அடிவயிற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது வேறு. அவள் பொறாமைப்பட்டது கணவர்மேல்.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். அவர் படித்த தேர்தல் செய்தி அவளுக்கு வேண்டும். அவரைப் போல நரைத்த தலையோடு ஊரின் முகத்தில் முழிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இதை யாரிடம் சொல்வது? ஒரு மனைவி கணவனைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தால் நாலு பேர் இரக்கப்படுவார்கள். கணவனின் இடத்தையே கேட்டால் ‘இவளுக்கு என்ன பித்தா’ என்பார்கள்.

இரண்டாம் மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய, ஜன்னலில்லாத ஒரு சின்ன அறையில் அவள் முதலைகளின் வாழ்க்கையைப் பற்றிப் பேசிவிட்டு நாலரை மணிக்கு வீட்டுக்கு வருவாள். ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்காருவாள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் கேமரா அவர்மேல் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுவாள். தலை முழுக்க வெள்ளி இழை ஓடி அவருக்கு ஒரு களை வந்துவிட்டது. அதையும் மறுக்க முடியவில்லை. போதாக்குறைக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வேறு. முக்கியமான செய்தி என்றால் அதை மெல்லக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்ப்பார். அது பவரே இல்லாத வெறும் கண்ணாடி, தலைவர் வாங்கிக் கொடுத்தது. அவளுக்கு உண்மையிலேயே கண் சரியாகத் தெரியாது. ஆனாலும் கண்ணாடி போட்டால் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, இருபத்திரண்டு வருடமும் கண்ணுக்குள் லென்ஸை வைத்து எரிச்சலோடு வாசிக்க வைத்தார்கள்.

லிஃப்டில் கீழ்வீட்டுக்காரர் பார்த்தால், “சார் இப்பதாங்க பாக்க சிங்கம் மாதிரி இருக்காரு” என்பார். மருந்துக்கடைப் பெண், “சார் வாசிச்சாத்தான் நியூஸ் கேட்ட மாதிரி இருக்கு” என்பாள். அவள் தலையாட்டுவாள். ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது. வீட்டில் அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தலை வாருவதைக் கேட்டால் சமையலறையில் பாத்திரம் தானாகவே சத்தமாக விழும்.

இதில் இன்னொன்றும் உண்டு. அவளிடம் ஒரு பெயர் நோட்டு இருந்தது. வெளிநாட்டுப் பெயர்களை நம் எழுத்தில் எழுதிவிட்டால், ‘கு’ என்பதைக் குடையில் வருகிற மாதிரி சொல்வதா, குருவில் வருகிற மாதிரி சொல்வதா என்று தெரியாது. ஒவ்வொரு பெயரையும் எங்கெங்கோ விசாரித்து, எப்படி உச்சரிக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாகக் குறித்து வைத்திருந்தாள். நாற்காலி போன பிறகும் அந்த வேலை மட்டும் அவளை விடவில்லை. தினம் ஐந்து மணிக்குக் கணவர் ஸ்டுடியோவிலிருந்து போன் செய்து இரண்டு மூன்று பெயர்களைக் கேட்பார். அவள் சொல்வாள். ஏழு மணிக்கு அவர் அவற்றைத் தண்ணீர் பட்ட பாடாக உச்சரிப்பார். ஒருமுறை செய்தித்தாளின் வாசகர் கடிதப் பகுதியில் யாரோ அவருடைய உச்சரிப்பைப் பாராட்டி எழுதியிருந்தார். அவர் அதை அவளுக்கே வாசித்துக் காட்டினார். அந்த உச்சரிப்பெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

கடிதம் வந்த வாரம்தான் அது நடந்தது. ஏதோ ஒரு தேசத்துப் பிரதமர் மறுநாள் வருகை தருவதாக இருந்தது. அவர் பெயர் குடிகாரோ. முதல் எழுத்தைக் குருவில் வருகிற ‘கு’ மாதிரி சொல்லி, ‘டி’யை ‘டீ’ என்று நீட்டினால் கம்பீரமான பெயர். அப்படியே படித்தால் வெறும் குடிகாரன். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டே வைத்திருந்தாள்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது.

“இந்தப் பிரதமர் பேரு ஒரு மாதிரி இருக்கே. நம்ம ஊர்க் குடிகாரன் மாதிரி கேக்குது. எப்படிப் படிக்கணும்?”

பின்னால் மேக்கப் அறையில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த அறை.

“அவங்க ஊர்ல அது சாதாரணப் பேருங்க” என்றாள். “எழுதியிருக்கிற மாதிரியே படிங்க.”

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அவள் நோட்டை மூடினாள். திரும்பக் கூப்பிடவில்லை. இரண்டு மணி நேரம் இருந்தது, கூப்பிடவில்லை. குளித்து, நல்ல துணி உடுத்தி, டிவி முன்னால் உட்கார்ந்து, பல நாளுக்குப் பிறகு சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

தலைப்புச் செய்தியில் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஊரை நேராகப் பார்த்து, “பிரதமர் குடிகாரோ நாளை வருகிறார்” என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரிவான செய்தி புதுப்பொண்ணின் பங்கு. அவள் ஒரு கணம் தயங்கியதை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், இவள் கவனித்தாள். தயங்கிவிட்டு அவளும் அவர் சொன்ன மாதிரியே சொன்னாள். குடிகாரோ விமான நிலையத்தில் வரவேற்கப்படுவார், குடிகாரோ விருந்தில் கலந்துகொள்வார், குடிகாரோ மாணவர்களிடையே உரையாற்றுவார். ஆறு முறை. செய்தி முடிவதற்குள் ஊர் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலை எல்லார் கையிலும் அந்த வீடியோ இருந்தது. அவள் ஆவலோடு திறந்து பார்த்தாள். அதில் கணவர் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் அவர் வாசித்ததை வெட்டிவிட்டுப் புதுப்பொண்ணு வாசித்த ஆறையும் ஒட்டிக் கோத்திருந்தான். கீழே நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார்கள். முகம் இருந்தால் போதும், மூளை எதற்கு என்றார்கள். யாரைப் பிடித்து வேலைக்கு வந்தாளோ என்றார்கள். சார் பக்கத்தில் உட்கார ஒரு தகுதி வேண்டாமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

கணவர் அன்றைய செய்தியில் ஒரு வரி வருத்தம் தெரிவித்தார். லேசாகச் சிரித்து, பெயரில் என்ன இருக்கிறது, மனிதர் நல்லவர் என்றார். அதற்கும் ஊர் கைதட்டியது. தவறை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை என்று மருந்துக்கடைப் பெண் சொன்னாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. புதுப்பொண்ணைக் காலையிலேயே இறக்கிவிட்டார்கள்.

குறி வைத்தது ஓரிடம், அடிபட்டது வேறிடம். அவர்மேல் இருந்த பொறாமை இதனால் குறைந்ததா என்றால் இல்லை, இன்னும் கொழுந்துவிட்டது. கீழே தள்ளினாலும் மெத்தையில் விழுகிற மனிதரை என்ன செய்வது?

மூன்றாம் நாள் அவள் இரண்டாம் மாடி அறைக்குப் போனபோது அங்கே இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. அதில் புதுப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச காலம் முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேக்கப் இல்லாத முகத்தில் கண்கள் வீங்கியிருந்தன. பகலெல்லாம் இருவரும் ஒட்டகங்களைப் பற்றி மாற்றி மாற்றிப் பேசினார்கள். இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது அவள் கேட்டாள், அந்தப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று யாரிடமும் விசாரிக்கவில்லையா என்று. தன் குரலே தனக்குக் கள்ளக் குரலாகக் கேட்டது.

புதுப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். “விசாரிச்சேங்க அக்கா. தூதரகத்துக்கே போன் பண்ணிக் கேட்டேன். எனக்குச் சரியாத்தான் தெரியும்.”

“அப்புறம் ஏன் அப்படிப் படிச்சே?”

“சார் முதல்ல அப்படிப் படிச்சுட்டாரே. நான் மாத்திப் படிச்சா சாரைத் திருத்தின மாதிரி ஆயிடும். வந்து நாலு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள திமிரைப் பாருன்னு சொல்வாங்க. சரியாப் படிச்சா திமிரு, தப்பாப் படிச்சா முட்டாள். முட்டாளாவே இருந்துட்டுப் போறேன்னு நினைச்சேன்.”

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இதே கணக்கைத்தான் அவளும் போட்டாள். முட்டாளாக இருப்பதைத் தேர்ந்தெடுத்துத்தான் அந்த மேசையில் நிலைத்தாள். இந்தக் கழுத்தைப் பார்த்தா பொறாமைப்பட்டோம் என்று இருந்தது. கழுத்து என்னவோ இன்னமும் அழகாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தபோது அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

“அந்தப் பேரை நான் வேணும்னுதான் தப்பாச் சொன்னேன்” என்றாள்.

அவர் செய்தித்தாளை மடித்தார். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகத்தில் கோபம் வரவில்லை. ஒரு பெருமிதமான பரிதாபம் வந்தது. “அந்தப் பொண்ணு மேல உனக்கு இவ்வளவு பொறாமையா?”

“அவ மேல இல்லைங்க. உங்க மேல.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

“என் மேலயா? நான் உன்னை என்ன பண்ணினேன்?”

“ஒண்ணும் பண்ணல. நீங்க ஒண்ணுமே பண்ணாம எல்லாம் உங்களுக்குக் கிடைக்குது. ஒரே டப்பாச் சாயம், ஒரே மேசை, ஒரே ரூம்ல நம்ம ரெண்டு பேர்கிட்டயும் பேசினாரு. உங்களுக்கு நரை கொடுத்தாரு, எனக்கு முதலை கொடுத்தாரு. அப்ப நீங்க கண்ணாடில தலையைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

“அதுக்காக என்னைக் கவுக்கப் பாத்தியா?”

“ஆமா. நீங்க கவுந்திருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும். கவுந்தது அந்தப் பொண்ணு. அதான் இன்னும் வயிறு எரியுது.”

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அன்று முழுக்கப் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. முன்பு என்றால் ஏழு மணி வந்து சமாதானம் செய்துவைக்கும். இப்போது அதற்கும் வழியில்லை.

திங்கட்கிழமை அவள் தலைவரின் அறைக்குப் போனாள். தவறான உச்சரிப்பைக் கணவருக்குச் சொன்னது தான்தான் என்றும், அவர் படித்ததைக் கேட்டுத்தான் அந்தப் பெண்ணும் அப்படிப் படித்தாள் என்றும் நேராகச் சொன்னாள். தலைவருக்கு அது சுவாரசியமான குடும்பக் கதையாக இருந்தது. சிரித்து, வீட்டுக்கு வீடு வாசற்படி என்றார்.

“முதல்ல தப்பாப் படிச்சவர் மேசையில இருக்காரு. ரெண்டாவதாப் படிச்சவளை ஏன் இறக்கினீங்க?” என்று கேட்டாள்.

“சாரைப் பத்தி யாரும் புகார் பண்ணலையே மேடம்.”

“என்னைப் பத்தி யாராவது புகார் பண்ணினாங்களா?”

அவர் திரைகளைப் பார்த்தார். யாரும் புகார் செய்யவில்லை. அவருக்கே அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலிருந்தது. எந்தத் துறையிலும் புது ரத்தம் வேண்டும் என்று ஏதோ சொன்னார். புது ரத்தம் நாலு மாதத்தில் பஞ்சு அறைக்கு வந்துவிட்டதே என்றாள் அவள்.

அவளும் புதுப்பொண்ணும் சேர்ந்து நிலைய நிர்வாகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார்கள். நரைபற்றிச் சொன்னது, கேமராவைத் தள்ளி வைத்தது, ஒரே தவறுக்கு இரண்டு நியாயம் என்று தேதிவாரியாக எழுதினார்கள். இதைப் பற்றிக் கேட்டதும் மேக்கப்காரம்மா தானும் ஒரு பத்தி சொன்னாள்: இத்தனை வருடத்தில் ஐம்பது தாண்டிய எத்தனை ஆண்களுக்குப் பூசினாள், எத்தனை பெண்களுக்குப் பூசினாள் என்று. பெண்கள் பக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், அதுவும் இந்த வருடம் வரைக்கும். ஆனால் நரை விஷயத்துக்குச் சாட்சி வேண்டும். அந்த அறையில் அன்று மூன்றே பேர்தான் இருந்தார்கள்.

அவள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில், கணவரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கெஞ்சவில்லை. இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. அவர் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டார். கையெழுத்துப் போட்டால் அவருடைய நரைக்கும் ஆபத்து வரலாம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் போடமாட்டார் என்றே அவள் நினைத்தாள். தானாக இருந்தால் போட்டிருப்போமா என்று யோசித்துப் பார்த்தாள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

“‘நிறுத்தும்படி கேட்டு கொண்டார்’னு எழுதியிருக்க. நடுவுல ‘க்’ வேணும்” என்றார். திருத்தினார். திருத்திய கையோடு கீழே கையெழுத்தும் போட்டார். பிறகு எழுந்து போகும்போது அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அன்னிக்கு அவர் உன்னைச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருந்தது வசதியா இருந்துச்சு.”

விசாரணைக் குழுவில் மூன்று பேர். மூவருமே அறுபதைத் தாண்டிய ஆண்கள். ஒருவர் தலையிலும் சாயம் இல்லை. அவர்கள் நாலு மாதம் எடுத்துக்கொண்டார்கள். தலைவரை மாற்றவில்லை, அவருக்கு ஒரு கடிதம் மட்டும் போயிற்று. புதுப்பொண்ணுக்கு நாற்காலி திரும்பக் கிடைத்தது. ஏழுமணி அக்காவுக்கு அதிகாலை ஐந்தரை மணிச் செய்தியைக் கொடுத்தார்கள். ஐந்தரை மணிக்குப் பறவைகள்தான் பார்க்கும், அவை புகாரும் செய்யாது என்று சொல்லி அவள் மறுத்துவிட்டாள். அதிகாரிகள் மறுபடி கூடிப் பேசினார்கள். கடைசியில் சனி, ஞாயிறு ஏழு மணி என்று முடிவாயிற்று. வார நாட்களில் கணவரும் புதுப்பொண்ணும். வாரக் கடைசியில் அவள் தனியாக. அரைகுறை வெற்றிதான். அவளுக்கு ஐந்து நாளும் வேண்டும் என்றுதான் இருந்தது, இன்னமும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த நாலு மாதத்தில் அவள் தலைக்குச் சாயம் போடவில்லை. வகிட்டின் இருபுறமும் வெள்ளை விரலளவு இறங்கியிருந்தது. முதல் சனிக்கிழமை தலைவர் அதைப் பார்த்தார்; வாயைத் திறந்து மூடிக்கொண்டார். மேக்கப்காரம்மா முகத்துக்கு மட்டும் பூசிவிட்டு, தலையைத் தொடாமல் விட்டாள். அவள் சொந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் எழுத்து இவ்வளவு தெளிவாக ஓடும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அரை மணி நேரம் தேர்தலும் நீதிமன்றமும் அவள் ஒருத்தியே வாசித்தாள். நடுவில் ஒரு சொல் தடுக்கியது; திருத்திக்கொண்டு போனாள்.

எட்டரைக்கு வீட்டுக்கு வந்தாள். வழியில் போன் விடாமல் துடித்தது. பாராட்டு கொஞ்சம், பாட்டிக்கு வீட்டில் வேலையில்லையா என்று கேட்டவர்கள் கொஞ்சம். மகள் அழுதுகொண்டே பேசினாள். நாத்தனார் கூப்பிட்டு, வெள்ளை முடி அண்ணிக்குக் களையாக இருக்கிறது, அண்ணனைவிட எடுப்பாக இருக்கிறது என்று சொன்னாள். அதை அண்ணனிடமும் போன் செய்து சொல்லிவிட்டாளாம்.

கணவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். டிவி அணைந்திருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்றார். செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அவள் கை கால் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“லைட்டு சரியில்ல” என்றார். “அப்புறம், அரை மணி நேரமும் ஒரே ஆளாப் படிச்சா பாக்கிறவங்களுக்கு அலுத்துடும். சொல்லி வை.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரத்தில் அந்தச் சின்னக் கோணல். கண் வேறெங்கோ போய் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாகக் குளியலறைக் கண்ணாடியில் தன் முகத்தில் அவள் பார்த்து வந்த அதே கோணல். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. சமையலறைக்குப் போய்ச் சோற்றைச் சூடாக்கி, இரண்டு தட்டில் போட்டு எடுத்து வந்தாள். அவர் அளைந்துகொண்டிருந்தார். அவள் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு நிதானமாக, ருசித்துச் சாப்பிட்டாள்.